ஆத்தாவுக்கு எந்த நம்பருங்க?

எங்க வீதியில ஒரு ஆத்தா. முதியோர் உதவித்தொகை மூணு மாசமா வரலைன்னு போன வாரம் வீட்டுக்கு வந்தாங்க. "கண்ணு, என்னமோ நம்பர் அடிச்சா கவருமெண்டுல பேசறாங்களாமா, அடிச்சுக் குடு"ன்னாங்க. நானும் பெரிய சமூக சேவகர் கணக்கா போட்டுக் குடுத்தேன்.

எந்த மாவட்டம்னு கேட்டுது அந்தப் பக்கம் ஒரு புள்ள. ஆத்தா பட்டுன்னு "ஈரோடு"ன்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்லீங்க. வெள்ளகோவில்ல உக்காந்த எடத்துலயே மூணு மாவட்டம் பாத்தவங்க. 1979 வரைக்கும் கோயமுத்தூரு, அப்புறம் ஈரோடு, 2009ல இருந்து திருப்பூரு! நான் போனை வாங்கி "திருப்பூருங்க"ன்னேன். "தாலுக்கா ஆபீஸ்ல போய்க் கேளுங்க சார்"னு வெச்சுருச்சு. அங்க நடந்து நடந்து சலிச்சுத்தானே தாயி உனக்கு போன் போட்டோம்...

நம்பருக்கு இங்க பஞ்சமே இல்ல. ஆம்புலன்சுக்கு 108 (2008ல வந்தது), மருத்துவ ஆலோசனைக்கு 104, பொம்பளைங்களுக்கு 181, வயசானவங்களுக்கு 14567, மனசு சரியில்லீன்னா 14416. எனக்கே கடைசி ரெண்டும் கொழம்புது, ஆத்தாவுக்கு?

108 ஏன் ஜெயிச்சுது? அடிச்சா வண்டி வருது, அவ்வளவுதான். கொழந்தைகளுக்கான 1098ம் அப்படித்தான். 1996ல பம்பாய்ல ஆரம்பிச்சது. பத்து, ஒம்போது, எட்டுன்னு கொழந்தையே சொல்லிரும். ஊருக்கு ஊரு தொண்டு நிறுவனத்தைப் புடிச்சு, போன் வந்தா ஒரு மணி நேரத்துல ஆள் நேர்ல போகணும்னு வெச்சிருந்தாங்க. 2023ல அரசாங்கமே எடுத்துக்கிட்டு 112ஓட இணைச்சுட்டாங்க. போலீஸ்னு நெனச்சு கொழந்தை போனை வெச்சுருமோன்னு எனக்கு ஒரு பயம் இருக்கு.

அமெரிக்காவுல 211னு ஒண்ணு. 1997ல அட்லாண்டாவுல தொடங்குனது, 2000ல நாடு பூராவுக்கும் அந்த நம்பரை ஒதுக்குனாங்க. வாடகை கட்ட முடியல, சோத்துக்கு வழியில்ல, எதுவானாலும் அதே நம்பர்தான். எடுக்கறவங்க கையில, அந்தந்த ஊர்ல யாரு என்ன உதவி பண்றாங்கங்கற பட்டியல் இருக்கும். அதை விடாம திருத்திக்கிட்டே இருக்கறதுதான் பெரிய வேலை.

நம்மகிட்ட இல்லாதது அந்தப் பட்டியல்தானுங்க. புதுசா நம்பர் திறந்து ரிப்பன் வெட்டறதுக்குப் பதிலா, தாலுக்காவுக்கு ரெண்டு பேரைப் போட்டா என்ன? மனு எந்த மேசையில நிக்குதுன்னு அவங்க பாத்துச் சொல்லட்டும். நூல் மில்லுல வேலை செய்யற ஒடிசா, பீகார் பசங்க போன் பண்ணா அவங்க பாஷையில பேச ஒருத்தரு. சம்பளம் என்ன, ஒரு ஆம்புலன்ஸ் டயர் செலவு ஆகுமா? (சரி, கொஞ்சம் கூட ஆகும்.)

ஆத்தா நாளைக்கு வர்றேன்னிருக்காங்க. ஆதாரு, பாஸ்புக்கு ரெண்டையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். காலைல பஸ்ஸுல நானே கூட்டிட்டுப் போறேன்.