கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தேசிய தின விடுமுறையையொட்டி நண்பர்களோடு கேமரன் மலைக்குப் போய், தானா ராத்தாவில் தங்கியிருந்தேன். பிரிஞ்சாங், சுங்கை பாலாஸ் என்று தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தோம். பச்சை மலைச்சரிவுகளின் அழகுக்கு ஈடு இல்லைதான்.

1885-இல் இம்மலையை நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கே நிலைத்துவிட்டது. 1929-இல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ரசலின் பெயரும் பலருக்குத் தெரியும். ஆனால் காட்டை வெட்டி, சரிவுகளில் தேயிலை நட்டு, கொழுந்து பறித்த தமிழர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

ஒரு வளைவில் இருவர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செங்குத்தான சரிவில் இறங்கினார்கள். பின்னால் காற்றில் உப்பிய பை நொடியில் நிறைந்தது. கால் சறுக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. அதே இடத்தில் பயணிகள் சிலர் படம் எடுப்பதற்காகச் செடிகளுக்குள் புகுந்து கிளைகளை மிதித்து நின்றார்கள். பார்க்கவே மனம் வலித்தது.

தோட்டங்களில் வளர்ந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கொண்டு பதிவு செய்ய நம் இயக்கங்கள் முன்வர வேண்டும். மலைக்குச் செல்லும் வாசகர்களும் செடிகளை மிதிக்காமல், உழைப்பவர்களிடம் நின்று நான்கு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஈப்போ