வின்ஸ்டெட் கல்லூரியை வின்ஸ்டெட் வட்டாரமே நடத்த வேண்டும்: எங்கள் நிலைப்பாட்டு அறிக்கை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லிட்ச்ஃபீல்ட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் வின்ஸ்டெட். அங்கே 1965இல் தொடங்கிய நார்த்வெஸ்டர்ன் கனெக்டிகட் சமுதாயக் கல்லூரி 2023 ஜூலை 1 முதல் தனிக் கல்லூரியாக இல்லை. மாநிலத்தின் 12 சமுதாயக் கல்லூரிகளையும் இணைத்து உருவாக்கிய ஒரே கல்லூரியின் கீழ் இப்போது அது ஒரு வளாகம். கட்டடம் இருக்கிறது, வகுப்புகள் நடக்கின்றன, ஆசிரியர்கள் வருகிறார்கள். முடிவெடுக்கும் உரிமைதான் ஊரைவிட்டுப் போய்விட்டது.

இந்த வட்டாரத்து முன்னாள் மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், சிறுதொழில் நடத்துவோர் ஆகியோர் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. எங்கள் நிலைப்பாடு இதுதான்: வின்ஸ்டெட் வளாகம் மீண்டும் தனிக் கல்லூரியாக வேண்டும். அதற்குச் சொந்தமாகத் தர அங்கீகாரம் வேண்டும், சொந்தமாகத் தலைவர் வேண்டும். இந்த வட்டாரத்து மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு அதை நடத்த வேண்டும். மாநில நிதி இப்போது வருவதைப் போலவே தொடர்ந்து வர வேண்டும்.

இந்தக் கல்லூரி எப்படி வந்தது

1955 ஆகஸ்டில் டயான் புயல் கொண்டுவந்த மழையில் மேட் ஆறு பெருக்கெடுத்து வின்ஸ்டெட்டின் பிரதான வீதியை அடித்துக்கொண்டு போனது. ஆற்றோரம் நின்ற கடைகளில் பல திரும்பக் கட்டப்படவே இல்லை. ஊருக்குச் சோறு போட்ட ஆலைத் தொழிலும் அதே காலத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. ஊரைத் தலைநிமிர வைக்க என்ன வழி என்று மக்கள் கூடிப் பேசிய ஆண்டுகள் அவை. வெள்ளம் வந்து பத்து ஆண்டுகளில் அவர்கள் கண்ட விடைகளில் ஒன்றுதான் இந்தக் கல்லூரி.

கல்லூரிக்குக் கிடைத்த இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கடிகாரத் தொழிலதிபர் வில்லியம் கில்பர்ட் எழுதிவைத்த சொத்திலிருந்து 1895இல் எழுந்தது கில்பர்ட் பள்ளி. பிறகு அந்தப் பள்ளி வேறு இடத்துக்கு மாறியது. காலியான பழைய கட்டடத்தில் ஊரார் கல்லூரியைத் தொடங்கினார்கள். நார்வாக்கில் 1961இலும் மான்செஸ்டரில் 1963இலும் சமுதாயக் கல்லூரிகள் இதேபோல உள்ளூர் முயற்சியில்தான் பிறந்தன. மாநில அரசு 1965இல் சட்டம் இயற்றி இந்தக் கல்லூரிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆக, முதலில் வந்தது ஊர். அரசு பிறகுதான் வந்தது.

இங்கே படிக்க வருகிறவர்களில் பலர் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள், பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பது வயதில் மறுபடி புத்தகம் திறப்பவர்கள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைப்பவர்கள். இரண்டாண்டுப் பட்டம் முடித்தால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். சான்றிதழ் முடித்தால் நேரே வேலைக்குப் போகலாம். மலையும் காடும் சிறு ஊர்களுமாகப் பரந்த இந்த வட்டாரத்தில் பேருந்து அரிது. பக்கத்திலேயே கல்லூரி இருந்தால்தான் இவர்களில் பலரால் படிக்க முடியும்.

இணைப்பு எப்படி நடந்தது

2011இல் மாநிலம் நான்கு பல்கலைக்கழகங்களையும் 12 சமுதாயக் கல்லூரிகளையும் இணையவழிக் கல்லூரி ஒன்றையும் ஒரே ஆட்சிக்குழுவின் கீழ்க் கொண்டுவந்தது. அந்தக் குழுவின் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஆளுநர் நியமிக்கிறார். அப்போதும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித் தலைவரும் தனி அங்கீகாரமும் தனிப் பாடத்திட்டமும் இருந்தன. 2017இல் இந்த மாநிலக் கல்லூரி அமைப்பின் அன்றைய தலைவர் மார்க் ஓஜாகியன் 12 கல்லூரிகளையும் ஒன்றாக்கும் திட்டத்தை அறிவித்தார். நியூ இங்கிலாந்து வட்டாரத்து அங்கீகார ஆணையம் 2018இல் அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது. கல்லூரி ஆசிரியர்கள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். திட்டம் திருத்தப்பட்டு, காலம் நீட்டப்பட்டு, 2023இல் நிறைவேறியது.

இணைப்பைக் கொண்டுவந்தவர்களின் கவலை பொய்யல்ல. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது, மாநில நிதி இறுகியிருந்தது. ஒரே விண்ணப்பத்தில் எந்த வளாகத்திலும் பாடம் எடுக்கலாம் என்பது மாணவருக்கு நல்ல வசதி. இவற்றை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் செலவைக் குறைக்க அலுவலகப் பணிகளைச் சேர்த்தாலே போதும். பன்னிரண்டு ஊர்களின் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அங்கீகாரம் ஏன் முக்கியம்

தர அங்கீகாரம் என்பது வெறும் சான்றிதழ் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் மாணவருக்குத்தான் மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்கும். அதைவிட முக்கியமானது, அங்கீகாரம் பெற்ற நிறுவனமே தன் பாடங்களுக்கும் பட்டங்களுக்கும் பொறுப்பேற்று நிற்க வேண்டும் என்பது. தன் நோக்கம் என்ன, நிதி போதுமா, ஆசிரியர் போதுமா, மாணவர் என்ன கற்றார்கள் என்று அந்தக் கல்லூரியே ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அங்கீகாரம் பன்னிரண்டு வளாகங்களுக்கும் பொதுவாகிவிட்டால் வின்ஸ்டெட்டைப் பற்றித் தனியாகக் கேட்க யாருக்கும் கடமை இல்லை. ஒட்டுமொத்தக் கணக்கு நன்றாக இருந்தால் ஒரு மூலையில் ஏற்படும் தேய்வு கண்ணில் படாது.

நாங்கள் அஞ்சுவது ஒரே நாளில் கதவு சாத்தப்படுவதை அல்ல. ஓய்வுபெறும் ஆசிரியரின் இடம் நிரப்பப்படாமல் போகும். மாலை வகுப்பு ஒன்று நிற்கும். போதிய மாணவர் இல்லை என்று ஒரு பாடம் இணையவழிக்கு மாறும். பாடம் குறைந்ததால் மாணவர் குறைவார்கள், மாணவர் குறைந்ததால் இன்னொரு பாடமும் போகும். ஒவ்வொரு முடிவுக்கும் தூரத்து மேசையில் நியாயமான காரணம் இருக்கும். அத்தனை முடிவுகளும் சேர்ந்து ஊரை என்ன செய்யும் என்று பார்க்கும் பொறுப்பு அந்த மேசைக்கு இல்லை.

வின்ஸ்டெட்டில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பரைப் பயிற்றுவிக்கும் படிப்பு உண்டு. பண்ணைகளும் குதிரை லாயங்களும் உள்ள வட்டாரத்தில் அதன் பயனை யாரும் விளக்கத் தேவையில்லை. காது கேளாத மாணவருக்கான கல்வியும், சைகைமொழி பெயர்ப்பாளர் பயிற்சியும் இங்கே வளர்ந்தன. சில ஆயிரம் பேருக்கல்ல, சிலருக்கு மட்டும், ஆனால் அந்தச் சிலருக்கு வேறு போக்கிடம் இல்லாமல் தேவைப்படும் படிப்புகள் இவை. மாநில முழுமைக்கும் ஒரே அளவுகோல் வைத்து மாணவர் தலையை எண்ணினால் முதலில் அடிபடுவது இத்தகைய படிப்புகளே.

பணம் தருபவரே முடிவெடுக்க வேண்டுமா

மாநிலம் பணம் தருகிறது, எனவே மாநிலம்தான் முடிவெடுக்கும் என்று சொல்கிறார்கள். இதே மாநிலத்தின் பள்ளிகளைப் பாருங்கள். கனெக்டிகட்டின் ஊர்ப் பள்ளிகளுக்கு மாநிலம் கல்விச் செலவுப் பகிர்வு மானியம் வழங்குகிறது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் பள்ளியை நடத்துவது அந்தந்த ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விக் குழுதான். ஆறு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கு மேலாளர் யார் என்று தீர்மானிக்கத் தகுதியுள்ள மக்களுக்கு, இருபது வயதுப் பிள்ளையின் கல்லூரிக்குத் தலைவர் யார் என்று தீர்மானிக்கத் தகுதி இல்லாமல் போய்விடுமா? மாநிலம் தரும் பணமும் எங்கள் வரிதான்.

வட்டார மக்களே கல்லூரியை நடத்த வழி இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. கனெக்டிகட் 1960இல் மாவட்ட ஆட்சிமுறையையே கலைத்துவிட்டது. 169 ஊராட்சிகளுக்கும் மாநிலத்துக்கும் நடுவே கல்லூரியைத் தாங்க ஓர் அமைப்பு இல்லை. கலிஃபோர்னியாவிலும் ஆரிகனிலும் கல்லூரிக்கென்றே வட்டாரம் பிரித்து அதன் நிர்வாகக் குழுவை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே ஏற்பாட்டை இங்கேயும் சட்டம் செய்யலாம்.

ஆனால் ஊர்களின் சொத்துவரியை ஏற்றித்தான் சுதந்திரம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை நாங்கள் ஏற்கமாட்டோம். ஆலைகள் போன ஊர்களிடம் அதற்கு வசதி இல்லை. பணக்கார வட்டாரத்துக்கு நல்ல கல்லூரி, ஏழை வட்டாரத்துக்குத் தேய்ந்த கல்லூரி என்றுதான் அது முடியும்.

சிறிய கல்லூரியால் நிற்க முடியுமா

நின்று காட்டியிருக்கிறார்கள். ஆரிகன் கடற்கரையில் நியூபோர்ட்டை மையமாகக் கொண்ட ஆரிகன் கோஸ்ட் சமுதாயக் கல்லூரி பல ஆண்டுகள் வேறு கல்லூரியின் அங்கீகாரத்தின் கீழ் இயங்கி, 2020இல் தன் சொந்த அங்கீகாரத்தைப் பெற்றது. அதே மாநிலத்தின் கொலம்பியா கார்ஜ் கல்லூரி 2013இல் அந்த நிலையை எட்டியது. கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் காப்பர் மவுன்டன் கல்லூரி, காலேஜ் ஆஃப் தி டெசர்ட்டின் கிளையாக இருந்து 1999இல் தனி வட்டாரமாகப் பிரிந்தது. மொன்டானாவில் ஃபிளாட்ஹெட் ஒதுக்கீட்டுப் பகுதிப் பழங்குடியினரின் சேலிஷ் கூட்டனாய் கல்லூரியும் அண்டைக் கல்லூரியின் கிளையாகத் தொடங்கித் தனியானதுதான். கிளையாக இருக்கும்போதே தகுதியை வளர்த்துக்கொண்டு, மாணவர் யாருக்கும் பட்டமோ உதவித்தொகையோ தடைபடாமல் படிப்படியாகப் பிரியலாம் என்பதற்கு இவை சான்று.

உள்ளூர் ஆட்சி என்றால் உள்ளூர்ச் செல்வாக்குள்ள நாலு குடும்பங்களின் ஆட்சியாகிவிடாதா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் நியமனக் குழுவை அல்ல, தேர்தலைக் கேட்கிறோம். கூட்டங்கள் திறந்த கதவோடு நடக்க வேண்டும். கணக்கை மாநிலத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். வடத்தை நாலு பேர் மட்டும் பிடித்துக்கொள்ள எங்களுக்கும் சம்மதமில்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. வடமேற்கு கனெக்டிகட் ஊர்களைச் சேர்த்து ஒரு கல்லூரி வட்டாரத்தைச் சட்டமன்றம் உருவாக்க வேண்டும். அதன் நிர்வாகக் குழுவை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் வாக்குரிமையுள்ள இடங்கள் வேண்டும்.

2. தலைவரை நியமித்தல், வரவுசெலவை வகுத்தல், படிப்புகளைத் தொடங்குதல், நிறுத்துதல் ஆகிய அதிகாரங்கள் அந்தக் குழுவுக்குச் சட்டப்படி இருக்க வேண்டும். ஆலோசனை சொல்லும் குழு போதாது.

3. தனி அங்கீகாரத்துக்கான விண்ணப்பப் பணி உடனே தொடங்க வேண்டும். அது கிடைக்கும்வரை மாணவர்கள் இன்றைய அங்கீகாரத்தின் கீழேயே தொடர வேண்டும்.

4. மாநில நிதி மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வரக் கூடாது. சிறிய கல்லூரிக்கும் ஆய்வகம், நூலகம், ஆலோசகர் தேவை என்பதால் ஓர் அடிப்படைத் தொகை உறுதியாக இருக்க வேண்டும்.

5. சம்பளப் பட்டியல், கணினி அமைப்பு, கொள்முதல், பொது விண்ணப்பம், பாடங்களின் பொதுக் குறியீடு ஆகியவை மாநிலம் முழுக்க ஒன்றாகவே தொடரட்டும். மாணவருக்கு இப்போது கிடைத்துள்ள எந்த வசதியும் குறையக் கூடாது.

6. இவை நிறைவேறும்வரை வின்ஸ்டெட்டில் எந்தப் படிப்பையும் நிறுத்துமுன், எந்த ஆசிரியர் பணியிடத்தையும் நீக்குமுன், வின்ஸ்டெட்டிலேயே பொதுக்கூட்டம் நடத்தி மக்களைக் கேட்க வேண்டும்.

தன் கல்லூரியும் இப்படி வளாகமாகிவிட்ட டேனியல்சன் ஊரைப் போல இதே நிலையில் உள்ள மற்ற ஊர்களும் இதே உரிமையைக் கேட்டால் அவர்களுக்குத் துணை நிற்போம். எங்கள் வளாகத்துக்கு மட்டும் சலுகை வாங்கிக்கொண்டு ஒதுங்கமாட்டோம்.

சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும், இந்த ஆறு கோரிக்கைகளையும் முன்வைத்து ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்போம். கிடைக்கும் பதிலை ஊர்தோறும் அச்சிட்டு வழங்குவோம். ஊராட்சிக் கூட்டங்களில் தீர்மானம் கொண்டுவருவோம். 1965இல் இந்த ஊர் யாரிடமும் அனுமதிக்காகக் காத்திராமல் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதை நடத்தும் உரிமையைத் திரும்பப் பெறும்வரை எங்கள் பணி ஓயாது. இந்த வட்டாரத்தில் வாழும் ஒவ்வொருவரும் எங்களோடு சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.