கறையான் படித்த கதை

தபால் தலை சேர்ப்பவரை உலகம் மன்னித்து விடுகிறது. பழைய நாணயம் சேர்ப்பவரையும், “காசுதானே சேர்க்கிறார், நல்லதுதான்” என்று மரியாதையோடு நோக்குகிறது. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர், அட்டை கிழிந்த மாயாஜாலக் கதைப் புஸ்தகங்களைத் தேடிப் பழைய காகிதக் கடையில் குந்தியிருந்தால், ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதை நேயர்களின் யூகத்துக்கே விட்டு விடுகிறேன். என் வீட்டார் நினைப்பதில் மட்டும் யூகத்துக்கு இடமே இல்லை. “ஏங்க, பிறர் எடைக்குப் போட்டதை எடைக்கு மேல் விலை கொடுத்து வாங்குகிற மனுஷர் இந்த ஊரிலே நீங்கள் ஒருவர்தான்!” என்பது என் மனைவி வழங்கியிருக்கும் தீர்ப்பு. அதன்மேல் அப்பீல் கிடையாது.

எங்கள் உளுந்தூர்பேட்டையை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அறிவார்கள். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில் சேலத்துச் சாலை பிரியும் இடம் இது. ஆனால் கதைகளுக்கு எங்கள் தாலுகாவில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கூவாகம் கூத்தாண்டவர் கோவில் இங்கேதான் இருக்கிறது. களப்பலிக்குத் துணிந்த அரவானை, ஓர் இரவுக்கு மட்டும் மோகினி வடிவெடுத்துக் கண்ணன் மணந்த கதையைச் சித்திரை தோறும் திருநங்கையர் தாமே தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுது, மீண்டும் உயிர்ப்பிக்கிறார்கள். அற்புதக் கதை என்பது எங்களுக்கு ஏட்டுச் சமாசாரம் அன்று.

அந்தத் திருவிழாவிலிருந்து என் ஆயா வளையலும் பொரியும் வாங்கி வருவாள். அவற்றோடு ஒரு ‘பெரிய எழுத்து’க் கதைப் புஸ்தகமும் வரும். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. படிப்பது என் வேலை. ஆனால் நான் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினால் போதும், “நடுவிலே வேதாளத்தை எங்கேடா விட்டே?” என்று அதட்டுவாள்.

‘பெரிய எழுத்து’ என்ற பெயரே அந்தப் புஸ்தகங்களின் சரித்திரத்தைச் சொல்லி விடும். தட்டித் தடவிப் படிப்பவரும் விளக்கொளியில் உரக்க வாசிக்க, வீடு முழுவதும் கேட்பதற்காக அச்சிட்டவை அவை. 1835-ஆம் ஆண்டில் அச்சகங்களின்மேல் இருந்த அனுமதிக் கட்டு நீங்கியது. அதன் பிறகு சுதேசிகள் பலர் அச்சுக்கூடம் வைத்தார்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை முதலியவை மட்டக் காகிதத்தில், மரக்கட்டைச் சித்திரங்களுடன் வெளிவந்தன. சென்னைக் கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் ஸன்ஸ் பிரசுரங்கள் தமிழ்நாட்டுத் திருவிழாக்கள் பலவற்றை எட்டின. குஜிலிக் கடைத்தெருவில் சில பக்கங்களே கொண்ட பாட்டுப் புஸ்தகங்கள் அரையணா, காலணாவுக்கு விலைபோயின. மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரியார் 1886-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார் என்றால், அதன் ருசி எத்தகையது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

விஞ்ஞானக் கதை மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கர்ப்பிணியான விசயையைச் சச்சந்தன் மயிற்பொறியில் ஏற்றி வானத்தில் அனுப்பிய செய்தியைச் சீவக சிந்தாமணியில் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கூடு விட்டுக் கூடு பாய்ந்து கிளியின் உடலில் புகுந்த விக்கிரமாதித்தனைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பத்து வயதில் இரும்புக்கை மாயாவி அறிமுகமானபோது வியப்பு உண்டாகவில்லை. உறவினரைக் கண்ட சந்தோஷமே உண்டாயிற்று. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த இங்கிலீஷ்ச் சித்திரக் கதையைத் தமிழாக்கி, 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது. அன்று சில்லறைக் காசுக்கு விற்ற இதழ்களுக்கு இன்று சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலையை இங்கே எழுதினால் என் வீட்டில் அமைதி குலையும்.

மேல்நாட்டிலும் இந்த மோகம் உண்டு. அமெரிக்கரான லவ்கிராப்ட் என்னும் மாயக்கதை ஆசிரியர் உயிரோடிருந்தபோது அவருடைய புஸ்தகம் ஒன்றே ஒன்றுதான் வெளிவந்தது. 1936-இல் அச்சான சுமார் 400 பிரதிகளில் பாதிதான் கட்டடம் செய்யப்பட்டது. அவர் மறைந்த பின் நண்பர்கள் இருவர் அவர் கதைகளுக்காகவே ஆர்க்காம் ஹவுஸ் என்ற பிரசுராலயம் தொடங்கி, 1939-இல் 1268 பிரதிகள் அச்சிட்டார்கள். இப்போதோ, வேண்டுமென்றே இத்தனை பிரதிகள்தான் என்று வரையறுத்து, எண் போட்டு, ஆசிரியரிடம் கையொப்பமும் வாங்கி விற்கும் சிறு பிரசுராலயங்கள் அங்கே இருக்கின்றன.

நம் பெரிய எழுத்துப் புஸ்தகங்களுக்கு யாரும் எண் போடவில்லை. ஆயிரக்கணக்கில் அச்சாயின. ஆனாலும் இன்று அவற்றின் பழைய பதிப்புகள் அரிதாகி விட்டன. காரணம், ஜனங்கள் அவற்றைப் படித்தார்கள். கை மாறிக் கை மாறி, எண்ணெய் பட்டு, மழையில் நனைந்து, கடைசியில் பொட்டலம் மடிக்கப்பட்டுப் போயின.

மிஞ்சியவை யாரால் மிஞ்சின என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு அச்சகத்தாரும் சர்க்காருக்குப் பிரதி கொடுக்க வேண்டியிருந்தது; அவற்றில் சில லண்டன் போய்ச் சேர்ந்தன. சுதந்தரப் போராட்டக் காலத்துப் பாட்டுப் புஸ்தகங்களை அதிகாரிகள் தடை செய்து பறிமுதல் செய்தார்கள். பறித்தவற்றில் சிலவற்றைக் கட்டுக்கட்டாக வைத்தும் காத்தார்கள். நம் தேசபக்திப் பாட்டுகளைச் சேகரித்துக் கொடுத்த உபகாரம் ஓரளவு போலீஸாருடையது என்றால் சிரிப்பதா, அழுவதா?

இன்னொரு பக்கம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், எவரும் கட்டளையிடாமலே வாழ்நாள் முழுதும் சேர்த்தார். நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள்! 1992-இல் அவர் காலமானார். சிக்காகோ சர்வகலாசாலையின் முயற்சியால் அந்தச் செல்வம் சிதறாமல், 1994-இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவர் சேர்த்தவை படிப்பவர் கைக்கு எட்டின என்பதே அதில் பெரிய விசேஷம்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். “ஐயா, உங்க வீட்டில விக்கிரமாதித்தன் கதை இருக்குதாமே? ரெண்டு நாள் கொடுங்க ஐயா, அட்டை போட்டுத் திருப்பித் தந்துடறேன்” என்றான். அது ஆயாவின் பிரதி. அவள் வெற்றிலைக் கறை பதிந்தது. “அது படிக்கிற புஸ்தகம் இல்லையடா, பாதுகாக்கிற புஸ்தகம்” என்று சொல்லி அனுப்பி விட்டேன். படிக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் வாயில் வருகிற வார்த்தையா அது?

அந்த ஐப்பசியில் அடைமழை. சுவரோரமாகத் தரையில் வைத்திருந்த மரப்பெட்டியை மழை விட்டதும் திறந்தேன. அட்டை மட்டும் அப்படியே இருந்தது. தூக்கினேன், உள்ளே மண். பையனுக்கு மறுத்ததைக் கறையான் வரி விடாமல் படித்து முடித்திருந்தது. அவனைத் தேடிச் சொல்லலாமென்றால், குடும்பத்தோடு அவன் வேறு ஊர் போய்விட்டான்.

அதன் பிறகு பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி இரும்பு அலமாரிக்கு மாறினேன். அரிய பிரதி கிடைத்தால் முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கொள்கிறேன். பிறகு, கேட்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். இதில் நஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாயாவி இருவர் போனவர்கள் போனவர்கள்தான். ஒரு மதனகாமராஜன் அட்டையில்லாமல் வந்தான். ஆனாலும் நேயர்களைக் கேட்டுக் கொள்கிறேன்: உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய புஸ்தகம் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு முறை உரக்கப் படியுங்கள். கேட்க ஒரு குழந்தை இருந்தால் இன்னும் நல்லது.

ஆயாவின் பிரதிக்கு ஈடாக வேறொரு விக்கிரமாதித்தன் வாங்கினேன். அதில் கடைசித் தாள்கள் இல்லை. சென்ற ஆண்டு அதை இரவல் வாங்கிப் போன ஒரு பெண், தன் ஆயாவிடம் முடிவைக் கேட்டு, கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தில் எழுதி, பசையால் ஒட்டிக் கொண்டு வந்து கொடுத்தாள். சேகரிப்போர் சாஸ்திரப்படி அந்தப் பிரதியின் விலை குறைந்து விட்டது. நான் அதை விற்பதாக இல்லை.