ஈரக்கை என்றால் இளக்காரமா?



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெயர் வேண்டாம், அவன் செட் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வணக்கம் சொன்னானே தவிர, கை கொடுக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்தேன். உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது.

அவன் கம்பெனியில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின். ஈர விரலை அது எடுப்பதில்லை. பேன்ட்டில் துடைத்துத் துடைத்து வைப்பதற்குள் பின்னால் வரிசை சத்தம் போடுமாம். சத்தம் கேட்டால் இன்னும் வியர்க்குமாம். போன மாதம் மட்டும் மூன்று நாள் ‘லேட்’ என்று சம்பளம் பிடித்திருக்கிறார்கள். ஷிஃப்ட் பஸ்ஸில் எல்லாரோடும்தான் போய் இறங்குகிறான், இவன் மட்டும் எப்படி லேட் ஆவான்? இந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதில் பாதி என் மேலேயே. ஏழாம் வகுப்பில் இவன் கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் ஊறி, மை பரவிக் கிடக்கும். “நோட்டைக் குளிப்பாட்டிக் கொண்டு வந்தியாடா?” என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான். பிரம்பால் அடித்தும் இருக்கிறேன். அடி வாங்க நீட்டிய கை ஈரமாக இருந்ததைப் பார்த்து, பையன் பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பயமில்லை. அது ஒரு நோய்நிலை. ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தொடங்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கும், பாதத்திலும் அக்குளிலும் வரும், தூங்கும்போது நின்றுவிடும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம். அழுக்கு இல்லை, கோழைத்தனம் இல்லை, தொற்றாது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? உடம்பு சூடு, இளநீர் குடி. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். (கல்யாணத்தில் எதுதான் சரியாகிறது!) டாக்டரிடம் மட்டும் போகமாட்டோம். ஆனால் ஒன்று: பெரியவரான பிறகு திடீரென்று உடம்பு முழுக்க வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ அது வேறு கதை. தைராய்டு, காசநோய், சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

உள்ளங்கை வியர்வைக்கு அலுமினியம் குளோரைடு கலந்த மருந்து இருக்கிறது. இரவில் நன்றாக உலர்ந்த கையில் தடவி, காலையில் கழுவ வேண்டும். அது போதாதவர்களுக்குத் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை உண்டு. போடாக்ஸ் ஊசி சில மாதம் தாங்கும், செலவு அதிகம். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் ஆபரேஷனும் உண்டு. கை காய்ந்துவிடும், ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் கொட்ட ஆரம்பிக்கும், திரும்ப ஒட்டவும் முடியாது. யாராவது “ஒரே நாளில் குணம்” என்று விளம்பரம் காட்டினால் இதைக் கேளுங்கள்.

இப்போது கம்பெனிக்காரர்களுக்கு. உப்பு வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், உண்மைதான். உங்கள் கவலை நியாயம். அதற்குக் கையுறைக்குள் போட ஒரு பருத்தி உறை கொடுங்கள், நனைந்தால் மாற்ற இரண்டு ஜோடி கூடுதலாகக் கொடுங்கள். ஆளை மாற்றுவதைவிட மலிவு. ரேஷன் கடையிலேயே கருவிழி பார்த்து அரிசி போடும் காலம் வந்துவிட்டது, கோடிக்கணக்கில் ரோபோ வாங்கிய உங்களால் ஒரு அட்டை தர முடியாதா? மே தின மேடையில் உழைப்பாளியின் வியர்வையைப் போற்றுகிறீர்கள். மெரினாவில் 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கிறது. வெண்கலத்துக்கு வியர்க்காது என்பது வசதிதான்.

பிள்ளைகளே, இன்னொன்று. வியர்வை குறையும் என்று தண்ணீரைக் குறைக்கிறானாம் இவன். ஹாஸ்டல் பெண்கள் கழிப்பறைக்கு விட மாட்டார்கள் என்று குறைப்பதையும் கேள்விப்படுகிறேன். வெயில் காலத்தில் இது சிறுநீரகத்தில் கொண்டுபோய் விடும். 250 பேருக்கு மேல் இருக்கும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். யாரோ போடும் பிச்சை இல்லை அது.

உங்களில் பலர் சம்பளத்தில் மாதா மாதம் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கும் அது உண்டு. அட்டையை பீரோவில் பூட்டி வைக்காமல் தோல் டாக்டரைப் பார்க்கக் கேளுங்கள். கைரேகை விழாததற்குக் காரணம் இதுதான் என்று எழுதி வாங்கி எச்.ஆரிடம் கொடுங்கள்.

வியாழக்கிழமை அவனுக்கு வீக் ஆஃப். நானும் கூடப் போகிறேன். என் வகுப்பில் ஈர நோட்டுக்காகத் திட்டு வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மருந்தைப் பற்றிப் பேசுவேன்.