இருட்டில் குதிரை ஏறிய ராஜா

ஏழு வயதுப் பையன் ஒருவன் அரச ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் பிரபுக்கள், மத குருமார்கள். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் வந்து அவன் முன் மண்டியிடுகிறார். கேலிக் மொழியில் அவனுடைய பரம்பரையைச் சொல்லத் தொடங்குகிறார். அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் அப்பா பெயர் என்று பட்டியல் புராண காலம் வரை நீள்கிறது.

1249 ஜூலையில், ஸ்காட்லாந்தின் ஸ்கோன் என்ற ஊரில் நடந்த சடங்கு இது. அந்தப் பையன்தான் மூன்றாம் அலெக்சாண்டர்.

பரம்பரை என்றால் சாதாரணப் பரம்பரை இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் மேக்பெத் நிஜத்திலும் ஸ்காட்லாந்து அரசர்தான். அவரை 1057-ல் வீழ்த்தியவர், பின்னர் அரசரான மூன்றாம் மால்கம். அந்த மால்கமை முதலாக வைத்து எண்ணினால் நம் அலெக்சாண்டர் ஆறாவது தலைமுறை. இவ்வளவு ஆழமாக வேர்விட்ட மரத்துக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்றுதானே தோன்றும்?

பத்து வயது மாப்பிள்ளை

1251-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் யார்க் நகரில் அலெக்சாண்டருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 10 வயது. மணப்பெண் மார்கரெட்டுக்கு 11. அவள் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் மகள்.

மாமனார் சும்மா பெண் கொடுத்துவிடவில்லை. ஸ்காட்லாந்து தனக்குக் கட்டுப்பட்ட நாடு என்று மருமகன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். பையன் அசரவில்லை. தான் வந்திருப்பது கல்யாணத்துக்கு என்றும், இத்தனை பெரிய விஷயத்தைத் தன் நாட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் பேச முடியாது என்றும் சொல்லி நழுவிவிட்டான். அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் மாத்யூ பாரிஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பதிலை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வளர்ந்த பிறகும் அலெக்சாண்டர் கெட்டிக்காரராகவே இருந்தார். மேற்குத் தீவுகளுக்காக நார்வே அரசர் ஹோகான் 1263-ல் கப்பல் படையோடு வந்தார். லார்க்ஸ் கடற்கரையில் நடந்த மோதலுக்குப் பிறகு திரும்பிப் போன ஹோகான், வழியில் ஆர்க்னி தீவில் இறந்துபோனார். 1266-ல் 4,000 மார்க் பணமும் வருடத்துக்கு 100 மார்க்கும் தருவதாக ஒப்பந்தம் போட்டு, தீவுகளை ஸ்காட்லாந்தோடு சேர்த்துக்கொண்டார் அலெக்சாண்டர். பிறகு ஹோகானின் பேரன் எரிக்குக்கே தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். பகை உறவாகிவிட்டது.

மூன்று வருடம், மூன்று பிள்ளைகள்

மனைவி மார்கரெட் 1275-ல் காலமானார். ஒரு மகள், இரண்டு மகன்கள் இருந்தார்கள். 1281-ல் இளைய மகன் டேவிட் இறந்தான். 1283-ல் நார்வேக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகள், ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுக் கண்மூடினாள். 1284 ஜனவரியில், பட்டத்துக்கு வர வேண்டிய மூத்த மகனும் போய்விட்டான். அவனுக்குக் குழந்தை இல்லை.

பெற்ற மூன்று பேரையும் மூன்றே வருடத்தில் பறிகொடுத்த தகப்பனின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆனால், ராஜாவுக்கு அழுது தீர்க்கவும் நேரமில்லை. அடுத்த மாதமே பிரபுக்களைக் கூட்டி, நார்வேயில் இருக்கும் கைக்குழந்தைப் பேத்தியை வாரிசாக ஒப்புக்கொள்ள வைத்தார். 1285-ல் பிரான்ஸைச் சேர்ந்த யோலாண்ட் என்ற இளம்பெண்ணை இரண்டாவதாக மணந்தார்.

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1286 மார்ச்சில் எடின்பரோ கோட்டையில் ஆலோசனைக் கூட்டம். முடிந்தபோது வெளியே புயல். புது ராணி இருந்ததோ ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையில், கிங்ஹார்னில். இந்தக் காற்றில் வேண்டாம் என்று படகுக்காரர் சொன்னார். அக்கரையில் இறங்கியதும் இரவு தங்கிப் போகும்படி இன்னொருவர் கெஞ்சினார். கேட்கவில்லை. இருட்டில் குதிரை ஏறியவர், கூட வந்தவர்களைவிட்டு வழி தவறினார். காலையில் கடற்கரையில் கழுத்து முறிந்த உடல்தான் கிடைத்தது. வயது 44.

தாத்தாவின் தம்பி வாரிசுகள்

நாடே அந்த நார்வேப் பேத்தியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. 1290-ல் கப்பலில் புறப்பட்டாள். ஆர்க்னி வரை வந்தாள். கொள்ளுத்தாத்தா ஹோகான் இறந்த அதே தீவில், ஏழு வயதில் இறந்தாள்.

இனி யார்? 13 பேர் உரிமை கோரி வந்தார்கள். வலுவானவர்கள் இரண்டு பேர். அலெக்சாண்டரின் தாத்தா வில்லியமுக்கு டேவிட் என்று ஒரு தம்பி. அந்த டேவிட்டின் மூத்த மகளுடைய பேரன் ஜான் பேலியல். இரண்டாவது மகளுடைய மகன் ராபர்ட் புரூஸ். 'மூத்தவள் வழி நான்' என்றார் ஒருவர். 'ஒரு தலைமுறை நெருக்கம் நான்' என்றார் மற்றவர். சொத்துத் தகராறு பார்த்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

பஞ்சாயத்துக்கு வந்தவர் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட். வேறு யாருமல்ல, அலெக்சாண்டரின் முதல் மனைவிக்கு அண்ணன். தீர்ப்புக்கு முன் ஒரு நிபந்தனை போட்டார்: ஸ்காட்லாந்துக்கு மேலதிகாரி நானே என்று ஒப்புக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பையன் கல்யாணப் பந்தலில் மறுத்ததை, பட்டத்துக்குப் போட்டி போட்ட பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்!

1292 நவம்பரில் பேலியல் அரசரானார். 1296-ல் எட்வர்ட் படையெடுத்து அவரை இறக்கினார். ஸ்கோனில் அரசர்கள் அமர்ந்து பட்டமேற்ற கல்லையும் தூக்கிக்கொண்டு போனார். அது ஸ்காட்லாந்துக்குத் திரும்ப 700 வருடம் ஆயிற்று. 1996-ல்தான் வந்தது.

பின்னோக்கி எத்தனை பெயர் சொல்ல முடிந்தாலும், 'அடுத்து யார்?' என்ற கேள்விக்கு ஒரு பெயர் வேண்டும். அந்த ஒன்று இல்லாமல் போனதற்கு ஸ்காட்லாந்து பல வருடப் போரை விலையாகக் கொடுத்தது.

கடைசியில் காப்பாற்றியதும் ஒரு மகள்தான். தோற்றுப்போன புரூஸின் பேரன், அதே பெயர் கொண்ட ராபர்ட் புரூஸ், 1306-ல் முடிசூடி நாட்டை மீட்டார். அவர் மகனுக்குப் பிள்ளை இல்லை. மகள் மார்ஜரியின் மகன் 1371-ல் பட்டத்துக்கு வந்தான். அங்கே தொடங்கிய ஸ்டூவர்ட் வம்சம்தான் 1603-ல் இங்கிலாந்தின் அரியணையிலும் ஏறியது.

அந்த ராபர்ட் புரூஸையும், அவருக்கு நம்பிக்கை கொடுத்ததாகச் சொல்லப்படும் சிலந்தியையும் அடுத்த வாரம் பார்ப்போம்.