பெட்டியில் அடங்காத பயிற்சி

பழைய குங்ஃபூ படங்களின் சுவரொட்டிகளையும் குறுந்தகடுகளையும் தேடிச் சேகரிப்போர் இன்றும் உளர். அவர்கள் போற்றும் புரூஸ் லீ 1973இல் மறைந்தார். 1978இல் வெளியான ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் அவரோடு மோதும் ஏழடி உயர கரீம் அப்துல் ஜப்பார், இஸ்லாத்தைத் தழுவிய கூடைப்பந்து வீரர். புரூஸ் லீயிடமே கலை பயின்றவர். திரையில் நாம் காண்பது சில நிமிடங்கள்; அதற்குப் பின்னால் இருப்பது பல்லாண்டுப் பயிற்சி. அதை எவரும் பெட்டியில் சேர்த்து வைக்க இயலாது.

பெற்றோர்களே, சிலம்பம் நம் மண்ணின் கலை. அஸர் தொழுகைக்குப் பின் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நம் பிள்ளைகள் அதைப் பழகட்டும். பிறரை வீழ்த்துவதில் வலிமை இல்லை, கோபத்தின்போது தன்னை அடக்குவதில்தான் உள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததையும் உடன் கற்கட்டும். அந்த அடக்கம் இல்லாதவன் கையிலுள்ள கம்பு, உடன்பிறந்தவன் மீதே பாயும்.