மனச்சோர்வு: மெஷின் போதுமா, மனுஷன் வேண்டுமா?



காய்ச்சல் வந்தால் லீவு லெட்டர் எழுதுகிறோம். கால் ஒடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு கிளாசுக்கு வருகிறோம். மனசு ஒடிந்தால் மட்டும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. "பைத்தியம்னு சொல்லிடுவாங்களோ" என்ற பயம்! தருமபுரி மாவட்டத்தில் நம்மில் பலருடைய வீட்டில் முதன்முதலாகப் பட்டயப் படிப்புக்கு வந்தவர்கள் நாம்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா காட்டு வேலை. அவர்களிடம் போய், "நாலு அரியர், ராத்திரி தூக்கமே வரல" என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் இன்று பல பேர் செல்போனில் உள்ள செயற்கை அறிவிடம் மனசைத் திறக்கிறார்கள். இதைக் கேலி செய்ய வேண்டாம். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவருடைய செகரட்டரியே அவரை வெளியே போகச் சொன்னாராம்! கேட்க ஒரு காது கிடைக்காதா என்று மனுஷ மனசு அப்படி ஏங்குகிறது.

ராத்திரி ரெண்டு மணிக்கும் மெஷின் பதில் சொல்லும், திட்டாது. மனசில் உள்ளதை வார்த்தையாக்கிப் பழக அது உதவும். ஆனால், நாம் ரெண்டு நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை என்பது அதற்குத் தெரியுமா? கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகுமா? 2017-ல் வந்த 'வோபாட்' என்ற ஆப்பில் லட்சக்கணக்கானோர் பேசினார்கள். 2025 ஜூன் 30-ல் கம்பெனி அதை மூடிவிட்டது. நாளைக்கே கடையை மூடக்கூடிய சிநேகிதனை மட்டும் நம்பியிருக்கலாமா?

மறுமுனையில் மனுஷன் பேசும் டெலிபோனும் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா'வில் தொண்டர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. எண் 14416. காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடமும் இணைப்பார்கள்.

2021-ல் நீட் எழுதிய மாணவர்களைத் தமிழக அரசின் 104 சேவை ஆலோசகர்கள் தாங்களே போனில் அழைத்துப் பேசினார்கள். நம்ம டிப்ளமோ ரிசல்ட் அன்று நம்மை யார் அழைப்பது? நம் மாணவர் சங்கம்தான் அழைக்க வேண்டும்! வகுப்புக்கு ரெண்டு பேர் போதும். ஃபெயிலானவனை மட்டும் அழைத்தால் கூசிப்போவான். ஆகவே எல்லோரையும் அழைப்போம். "சாப்பிட்டியாடா? வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் போதும். அறிவுரை வேண்டாம். 14416 என்ற எண்ணை ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் பெரிதாக எழுதி வைப்போம்.

ஒருவன், "இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவனைத் தனியே விடாதீர்கள். கூடவே இருந்து அந்த எண்ணுக்குப் போன் போடுங்கள். நம்பகமான ஆசிரியரிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

அரியரை அடுத்த பரீட்சையில் முடித்துக்கொள்ளலாம். ஆள் இருந்தால்தானே பரீட்சை!

வாழ்க மாணவர் ஒற்றுமை!